பாலென்று எழுதாத டின்

சனிக்கிழமை இரவு பன்னிரண்டேகாலுக்கு
லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே
சிங்கப்பூர்க் கம்பெனி பஸ் வாணியை இறக்கிவிடும்.
அவள் நடந்து வருவதற்குள்
தண்ணீர் கொதித்திருக்க வேண்டும்.

ஆறு வாரமாகப் பழகுகிறேன்.
முதல் வாரம் தூளையும் பாலையும் ஒன்றாய்ப் போட்டேன்,
செம்மண் வாய்க்கால்.
அடுத்த வாரம் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன்.
ஒரு மிடறு குடித்துவிட்டு
"மரப்பட்டையைக் காய்ச்சினியா?" என்றாள்.
மூன்றாம் வாரம் ஜொகூர் பாலத்தில் நெரிசல்.
ஆடை படிந்த தேநீரை
விடியும்வரை மூன்று தரம் சூடாக்கி
கடைசியில் தொட்டியில் ஊற்றினேன்.

இப்போது ஓரளவு கைக்கு வந்துவிட்டது.
முதலில் வெறும் தண்ணீர்.
அது குதிக்கும்போது தூள், கரண்டி வழிய மூன்று.
இரண்டு பொங்கு.
அடுப்பை அணைத்து, தட்டால் மூடி,
நான்கு நிமிடம் சும்மா நிற்பது.
இதுதான் கடினம்.
திறந்து பார், திறந்து பார் என்று
விரல் நச்சரிக்கும்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா.
லாரி பழத்தோடு ஏறும், குறித்துக்கொள்வேன்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், குறித்துக்கொள்வேன்.
கழித்தால் வருவதுதான் பழம்.
காத்திருக்கச் சம்பளம் வாங்குகிறவன்
நான்கு நிமிடத்துக்குத் தவிக்கிறேன்.

அப்படித்தான் ஒருநாள் டின்னைப் படித்தேன்.
பூப்படம் போட்ட டின்.
பால் என்ற சொல்லைத் தேடினேன், சுற்றிச் சுற்றி.
கிரிமர் என்றிருந்தது.
சீனி என்றிருந்தது. செம்பனை எண்ணெய்.
அதற்குப் பிறகு, பொடி எழுத்தில்,
கொஞ்சம் பால்மாவு.

தனியாக நின்று சிரித்தேன்.
இந்த ஊரில் பாலென்றால்
ஒரு காலத்தில் மரத்திலிருந்து வடிந்தது.
வெட்டினார்கள், எடுத்தார்கள், நிறுத்தார்கள்,
ஒரு சொட்டு குடிக்க முடியாது.
அந்த மரங்களைச் சாய்த்து நட்ட பனையிலிருந்து
வருவதைக் குடிக்கிறோம்,
விற்கிறவனே அதைப் பாலென்று எழுதவில்லை.

சந்தனசாமி ஏற்றிவந்த குலை ஏதோ ஒன்று
என் எடைமேடையைத் தாண்டி,
எங்கெங்கோ சுற்றி,
டின்னுக்குள் ஒளிந்து,
நாலு வெள்ளிக்கு என்னிடமே திரும்பியிருக்கிறது.
இம்முறை நான் நிறுக்கவில்லை.
சாய்த்தேன். நூலாக இறங்கி
கறுப்புக்குள் மூழ்கி
அடியில் போய்க் குந்திக்கொண்டது.

அதன்மேல் பெட்டிப்பால் அரைக் குவளை,
இதில் மாடு இருக்கிறது.
விரல்நுனி உப்பு, அது ரஃபிக்குல் சொன்னது.
அடுத்த வீட்டில் இருக்கிறான், குலை வெட்டுகிறான்.
அவனுடைய பஸ்
மூன்று வருடத்துக்கு ஒருமுறை.
சனிக்கிழமைகளில் அவனுக்கும் ஒரு குவளை
சுவருக்கு மேலே நீட்டுவேன்.
"மிஸ்டி, மிஸ்டி" என்பான்.
இனிப்பாம். குறையா பாராட்டா,
இன்னும் கேட்கவில்லை.

துணியில் வடித்து, கை உயர்த்தி ஆற்றினேன்.
பாதி நுரை, பாதி தரை.

ஒன்று பத்துக்கு வந்தாள்.
காலணியைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
கணுக்கால் வீங்கியிருந்தது.
குடித்தாள்.
ஆலைப்பக்கமிருந்து காற்று
புளித்த எண்ணெய் வாடையோடு வந்து போனது.
"எங்க ஹாஸ்டல்ல மெஷின் இருக்குல்ல,
அமுக்கினா போதும், நல்லாவே வருது."
சரி என்றேன்.
மறுபடி குடித்தாள்.
குவளையைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.
"சரியாக் கலக்கவே இல்ல நீ."

கரண்டி கேட்டாள்.
கொடுத்தேன்.
அடியில் கரையாமல் கிடந்ததை,
அந்தப் பெயரில்லாத இனிப்பை,
சுரண்டிச் சுரண்டி நக்கிக்கொண்டிருந்தாள்,
நாளை எட்டரை பஸ்ஸுக்குப்
பையை இன்னும் பிரிக்கக்கூட இல்லை.